ஓர் அடிக்கு ஒரு மில்லிவிநாடி

மயிலாப்பூரில் மாட வீதியை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கிறது அந்தப் பழைய வீடு. மாடியில் ஒரே ஒரு பெரிய கூடம். முப்பது அடி நீளம், இருபது அடி அகலம், பதினோரு அடி உயரம். சுவரெல்லாம் சுண்ணாம்புப் பூச்சு, தரை சிவப்புச் சிமெண்டு. வீட்டுக்காரர்கள் மாதம் ஒரு முறை அங்கே கச்சேரி வைக்கிறார்கள். டிக்கெட் கிடையாது, மேடை கிடையாது, மைக் கிடையாது. நாற்பது பேர் உட்காரலாம். அதற்கு மேல் வருகிறவர்களுக்கு மாடிப்படிதான்.

ஆடி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், ஜமக்காளம் விரிக்க ஒத்தாசையாக இருக்கட்டும் என்று சீக்கிரமே போயிருந்தேன். கூடம் காலியாக இருந்தது. சும்மா ஒரு முறை கையைத் தட்டினேன். ஓசை சுவருக்குச் சுவர் தாவி, கல் மண்டபத்தில் தட்டியது போல, மூன்று எண்ணும் வரைக்கும் அடங்காமல் நின்றது. எனக்குக் கவலையாகிவிட்டது. இங்கே ஒருவர் துரிதமாக ஸ்வரம் பாடினால், போன ஸ்வரம் ஓய்வதற்குள் அடுத்தது வந்து அதன் மேல் ஏறிவிடுமே!

"இப்போ தட்டினா அப்படித்தான் இருக்கும். எல்லாரும் வந்தப்புறம் தட்டிப் பாருங்கோ" என்றார் வீட்டுக்கார மாமி, தம்புராவின் உறையைக் கழற்றிக்கொண்டே.

ஆறு மணிக்குக் கூடம் நிறைந்தது. மாமி சொன்னபடி மறுபடியும் தட்டினேன். ஓசை தட்டிய இடத்திலேயே முடிந்துபோனது. சுவரும் கூரையும் மாறவில்லை. ஆட்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான்.

இந்த மாற்றத்துக்குக் கணக்கு எழுதியவர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்த வாலஸ் கிளமென்ட் சபைன். 1895-இல் அவருக்கு 27 வயது. புதிதாகக் கட்டிய ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை அரங்கில் பேராசிரியர் பேசுவது யாருக்கும் விளங்கவில்லை. சொன்ன ஒரு சொல் ஐந்தரை விநாடி அறைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்யும் வேலை சபைனிடம் வந்தது. பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்து வருவார். ஓர் ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு நிறுத்துவார். ஓசை காதுக்கு எட்டாமல் போகும் வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொள்வார். மேலும் சில மெத்தைகளைப் போட்டு மறுபடி அளப்பார். தெருவில் வண்டிச் சத்தம் ஓய்ந்த நள்ளிரவுக்குப் பிறகுதான் இதெல்லாம் நடக்கும். விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். தான் போட்டிருக்கும் உடைகூட ஓசையை விழுங்கி அளவைக் கெடுக்கிறது என்று தெரிந்ததும், அளக்கப்போகும்போதெல்லாம் ஒரே உடையை அணிய ஆரம்பித்தார். அறிவியலில் இத்தகைய பிடிவாதத்தின் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

சபைன் கண்ட விதி எளிமையானது. பள்ளிப் பாடநூலில் எதிர்முழக்கம் என்று படித்தோமே, ஓசை அடங்காமல் நீடிக்கும் அந்த நேரம், அறையின் கொள்ளளவு கூடக்கூடக் கூடும். அறைக்குள் ஓசையை உட்கவரும் பொருள்கள் கூடக்கூடக் குறையும். உட்கவர்தலுக்கு அவர் வைத்த அலகு அழகானது: திறந்த சன்னல். சன்னல் வழியே வெளியேறிய ஓசை திரும்பி வராது. ஆகையால் ஒரு சதுர மீட்டர் திறந்த சன்னல், விழுந்த ஓசையை முழுவதும் விழுங்குகிற ஒரு சதுர மீட்டர் பரப்புக்குச் சமம். உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர், உடையும் உடம்புமாக, ஏறக்குறைய அரை சதுர மீட்டர் சன்னல்.

அந்தக் கூடத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். காலியாக இருக்கும்போது வெறும் சுவரும் தரையும் கூரையும் எல்லாம் சேர்ந்து எட்டு ஒன்பது சதுர மீட்டர் சன்னல் அளவுக்குத்தான் ஓசையை விழுங்கும். எதிர்முழக்கம் மூன்று விநாடியைத் தாண்டுகிறது. நாற்பது பேர் வந்து உட்கார்ந்ததும் இன்னும் பதினெட்டு சதுர மீட்டர் சேர்கிறது. நான்கு சன்னல்களையும் திறந்துவைத்தால் மேலும் நான்கரை. எதிர்முழக்கம் ஒரு விநாடிக்குச் சற்றே கீழே இறங்கிவிடுகிறது. ஒற்றைக் குரலுக்கும் இரண்டு மூன்று வாத்தியங்களுக்கும் இதைவிடப் பொருத்தமான அளவு கேட்டாலும் கிடைக்காது. ரசிகர் வராவிட்டால் கச்சேரி சோபிக்காது என்று பெரியவர்கள் சொல்வதில் இயற்பியலும் கொஞ்சம் இருக்கிறது.

பாடகர் குறுக்குச் சுவருக்கு முன்னால் பாய் விரித்து உட்கார்ந்தார். "ஏன் எல்லாரும் அங்கேயே உக்காந்திருக்கேள்? கிட்ட வாங்கோ" என்றார். நகர்ந்து போனோம். எனக்கும் அவருக்கும் நடுவே பத்து அடி இருக்கும்.

நம் ஊர் வெப்பத்தில் ஓசை ஒரு விநாடியில் 1,100 அடிக்குச் சற்று மேல் போகிறது. ஓர் அடிக்கு ஏறக்குறைய ஒரு மில்லிவிநாடி என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். பத்து அடிக்கு அப்பால் பாடிய ஸ்வரம் ஒன்பது மில்லிவிநாடியில் என் காதுக்கு வந்துவிடுகிறது. அதே ஸ்வரம் கூரையில் பட்டு, எட்டு மில்லிவிநாடி தாமதித்து வருகிறது. இரண்டு பக்கச் சுவர்களிலிருந்தும் பதினொன்று தாமதித்து வருகிறது. பிறகு மூலைகளிலிருந்து, பின்சுவரிலிருந்து என்று கொத்துக் கொத்தாக வந்து சேர்கிறது. ஆனால் எனக்குக் கேட்பது ஒரே ஸ்வரம்தான்.

காது ஏன் இவற்றைத் தனித்தனியாக எண்ணுவதில்லை? ஜெர்மனியில் ஹெல்முட் ஹாஸ் 1949-இல் இதைச் சோதித்துக் காட்டினார். ஒரே ஓசை முதலில் ஓரிடத்திலிருந்தும், முப்பது மில்லிவிநாடிக்குள் இன்னோரிடத்திலிருந்தும் வந்தால், மூளை இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிடுகிறது. சேர்த்த ஓசை எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு, முதலில் வந்தது எதுவோ அதன் திசையைத்தான் விடையாகக் கொள்கிறது. பின்னால் வந்தது முதலாவதைவிடக் கொஞ்சம் உரக்க இருந்தாலும் சரி, திசையைத் தீர்மானிக்கும் உரிமை முன்னால் வந்ததற்குத்தான். சிறிய கூடத்தின் பலமே இதில் இருக்கிறது. சுவர்கள் பாடகரின் குரலுக்குப் பலம் சேர்க்கின்றன. ஆனால் அந்தப் பலம் முழுவதும் அவருடைய வாயிலிருந்தே வருவதாக நமக்குக் கேட்கிறது.

மைதானத்தில் அந்த உதவி கிடையாது. லஸ் பக்கத்தில் நாகேசுவர ராவ் பூங்காவில் சிறுவர் சிறுமியர் மைக் இல்லாமல் பாடுவதைக் கேட்டவர்களுக்கு இது தெரியும். திறந்த வெளியில் தொலைவு இரண்டு மடங்கானால் ஓசையின் ஆற்றல் நான்கில் ஒரு பங்காகிவிடும். பத்து அடியில் கேட்டது நூறு அடியில் நூறில் ஒரு பங்கு. அந்தக் குழந்தைகளைச் சுற்றிக் கேட்கிறவர்கள் நெருங்கி உட்காருவதற்கு அன்பு ஒரு காரணம், இந்தக் கணக்கு இன்னொரு காரணம்.

பெரிய அரங்கில் தொல்லை வேறு விதமானது. எண்பது அடி அகலமான அரங்கின் நடுவில், பாடகரிடமிருந்து அறுபத்தைந்து அடி தள்ளி உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நேராக வந்த ஓசைக்கும் பக்கச் சுவரில் பட்டு வந்த ஓசைக்கும் நடுவே முப்பது மில்லிவிநாடிக்கு மேல் இடைவெளி விழும். அமெரிக்க ஒலியியலாளர் லியோ பெரனெக் உலகம் முழுவதும் 54 இசை அரங்குகளை ஆராய்ந்து 1962-இல் புத்தகம் எழுதினார். ஓர் அரங்கு நெருக்கமாகத் தோன்றுவதற்கு முக்கியக் காரணம், நேர் ஓசைக்கும் முதல் எதிரொலிக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளி சிறியதாக இருப்பதே என்றார். அதே ஆண்டு அவர் ஆலோசனை சொல்லி நியூயார்க்கில் திறந்த ஃபில்ஹார்மானிக் அரங்கு ஓசையில் ஏமாற்றமளித்தது. பல முறை திருத்தியும் சரிவராமல் 1976-இல் உள்பகுதியையே இடித்துக் கட்டினார்கள். நெருக்கத்தை ஒற்றை எண்ணால் அளந்துவிட முடியாது என்றுதான் பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். என் எண்ணமும் அதுதான். ஆனாலும் அவர் கேட்ட கேள்வி சரியான கேள்வி. நெருக்கம் என்று நாம் உணர்வதில் ஒரு பகுதி, மில்லிவிநாடிகளால் ஆனது.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு ஸ்வரத்தின் ஓசையில் முதல் எண்பது மில்லிவிநாடிக்குள் வருவதெல்லாம் தெளிவுக்கு உதவும். அதற்குப் பின் வருவது அடுத்த ஸ்வரத்தை மறைக்கும். எதிர்முழக்கம் ஒரு விநாடிக்குச் சற்றுக் குறைவாக உள்ள கூடத்தில், சுற்றிச் சுழலும் ஆற்றலில் பத்தில் ஏழு பங்கு அந்த எண்பது மில்லிவிநாடிக்குள் வந்துவிடுகிறது. இரண்டு விநாடி உள்ள அரங்கில் பத்தில் நான்கு பங்குதான். தோடி ராகத்தின் காந்தாரம் ஓர் இடத்தில் நிற்காது, அசைந்துகொண்டே இருக்கும். அந்த அசைவின் மேல்முனையும் கீழ்முனையும் எவ்வளவு தூரம் போகின்றன என்பதில்தான் தோடியே இருக்கிறது. அன்று அந்தக் கூடத்தில் ஒவ்வோர் அசைவும் தனித்தனியாகக் கேட்டது.

இப்போது என் மனக்குறையைச் சொல்லிவிடுகிறேன். சில மாதங்களுக்கு முன் வேறொரு சிறிய அரங்குக்குப் போயிருந்தேன். அறுபது பேர் அமரலாம். அங்கேயும் பாடகருக்கு ஒரு மைக், வயலினுக்கு ஒன்று, மிருதங்கத்துக்கு இரண்டு, இரண்டு பக்கமும் ஆளுயர ஸ்பீக்கர்கள். எனக்கு வலப்பக்க ஸ்பீக்கருக்கு ஆறடி தள்ளி இடம் கிடைத்தது; பாடகர் இருபது அடியில் இருந்தார். மின்கம்பியில் சமிக்ஞை போகும் நேரம் பொருட்டே இல்லை. ஆகையால் ஸ்பீக்கரின் ஓசை எனக்குப் பன்னிரண்டு மில்லிவிநாடி முந்தி வந்தது, உரக்கவும் வந்தது. ஹாஸ் சொன்ன விதி இப்போது எதிராக வேலை செய்கிறது. கண்ணுக்கு எதிரே பாடகர் வாய் திறக்கிறார். குரல் வலப்பக்கத்துப் பெட்டியிலிருந்து வருகிறது. வயலினும் அந்தப் பெட்டியிலிருந்து, மிருதங்கமும் அந்தப் பெட்டியிலிருந்து.

நஷ்டம் திசையோடு நிற்பதில்லை. இரண்டு காதுகளுக்கும் ஓசை வந்து சேரும் நேரத்தில் ஒரு விநாடியின் லட்சத்தில் ஒரு பங்கு வித்தியாசம் இருந்தாலே நம்மால் திசை மாற்றத்தைக் கண்டுபிடிக்க முடியும். நேர் எதிரே ஒரு பாகை விலகினாலும் தெரியும். பத்து அடியில் அது இரண்டே அங்குலம். இந்தக் கூர்மையைக் கொண்டுதான், கல்யாண வீட்டுச் சந்தடியில் எதிரே இருப்பவர் பேசுவதை மட்டும் பிரித்தெடுக்கிறோம். கூடத்தில் குரல் ஒரு திசை, வயலின் இருபது பாகை தள்ளி வேறு திசை. பாடகர் ஆலாபனையில் ஒரு பிடியைப் பாட, வயலின் பின்தொடர்ந்து நிழல் போல வரும்போது, இரண்டும் ஒன்றன் மேல் ஒன்று படிந்தாலும் காது இரண்டையும் தனியாக வைத்துக்கொள்ளும். எல்லாம் ஒரே பெட்டியிலிருந்து வந்தால் அந்தப் பிரிப்பு போய்விடுகிறது. ஒன்று மற்றொன்றை மறைக்கிறது. வயலின் கேட்கவில்லை என்று அதைக் கூட்டுகிறார்கள். பிறகு மிருதங்கம் கேட்கவில்லை என்று அதையும் கூட்டுகிறார்கள். கடைசியில் அறுபது பேர் அறையில் அறுநூறு பேருக்கான சத்தம். பின்வரிசையில் ஒரு பெரியவர் தனி ஆவர்த்தனம் முழுவதும் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மைக்கின் மேல் எனக்குப் பகை ஒன்றும் இல்லை. அது வருமுன், பெருங்கூட்டத்துக்குக் கேட்க வேண்டுமானால் உச்ச சுருதியில் பாட வேண்டியிருந்தது. நம் காது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஓசைகளுக்குத்தான் மிகவும் கூர்மையானது. சுருதி ஏறினால் குரலின் பலம் அந்தப் பக்கமாக நகரும், தூரத்துக்கும் கேட்கும். நாடக மேடையை ஆண்ட எஸ். ஜி. கிட்டப்பாவின் குரல் அப்படிப்பட்டது. 1930-களில் ஒலிபெருக்கி பரவியதும் தாழ்ந்த சுருதிக் குரல்களுக்கும், மென்மையாகப் பாடுகிறவர்களுக்கும், வீணைக்கும் பெரிய சபைகளில் இடம் கிடைத்தது. ஆயிரம் பேர் கேட்கும் அரங்கில் மைக் ஒரு தர்மம். நாற்பது பேர் அறையில் அது எதைக் கொடுக்கிறது என்றுதான் கேட்கிறேன்.

அந்த அறையில் அது முதலில் பறித்துக்கொள்வது தம்புராவை.

அன்று பாடகரின் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்து பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம் என்று நான்கு தந்திகளையும் சீராக மீட்டிக்கொண்டிருந்தார். முதல் ஐந்து நிமிடம் வெறும் ரீங்காரமாகத்தான் கேட்டது. "ஃபேனை நிறுத்திடவா?" என்று மாமி கேட்டார். பாடகர் தலையசைத்தார். மின்விசிறி ஓய்ந்ததும் ரீங்காரத்துக்குள்ளிருந்து ஓர் ஒளி எழுந்ததுபோல இருந்தது. யாரும் மீட்டாத ஒரு ஸ்வரம் கேட்டது: அந்தர காந்தாரம்.

ஒரு தந்தி அதிரும்போது அதன் அடிப்படை ஓசையோடு, அதிர்வெண்ணில் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு, ஐந்து மடங்கு என்று மேற்சுரங்களும் எழும். மந்தர ஷட்ஜத்தின் ஐந்தாவது மடங்கு, அந்தர காந்தாரம். எந்தத் தந்தியிலும் மேற்சுரம் உண்டு. ஆனால் தம்புராவில் அவை அசாதாரண பலத்தோடு வருகின்றன. ஏன் என்று ஆராய்ந்தவர் திருச்சியில் பிறந்த சி. வி. ராமன். ஒளிச்சிதறலுக்காக நோபல் பரிசு பெறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, கல்கத்தாவில், அவர் வயலினையும் வீணையையும் தம்புராவையும் மிருதங்கத்தையும் ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருடைய தந்தை சந்திரசேகர ஐயரும் வயலின் வாசித்தவர்.

தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தில் அசைவற்ற கணு அமைய வேண்டிய மேற்சுரங்கள் எழவே கூடாது. இது தாமஸ் யங் காலத்திலிருந்து வரும் விதி. நட்டநடுவில் மீட்டினால் இரண்டாவது, நான்காவது மேற்சுரங்கள் வரக் கூடாது. தம்புராவிலும் வீணையிலும் இந்த விதி செல்லவில்லை, வரக் கூடாத மேற்சுரங்களும் பலமாக வருகின்றன என்று ராமன் 1921-இல் எழுதினார். காரணம் குதிரை. வயலினின் குதிரைக்கு முனை கூர்மை. தந்தி ஒரே புள்ளியில் உட்காரும். தம்புராவின் குதிரை அகலமாக, மெல்லிய வளைவோடு இருக்கும். அதிரும் ஒவ்வொரு முறையும் தந்தி அந்த வளைவைத் தொட்டுத் தொட்டு விலகுகிறது. தந்திக்கும் குதிரைக்கும் இடையே செருகும் ஜீவாளி நூல், அந்தத் தொடுகையை மயிரிழை அளவுக்குச் சரிசெய்து கொடுக்கிறது. ஒவ்வொரு தொடுகையிலும் அடிப்படை ஓசையின் ஆற்றல் கொஞ்சம் மேற்சுரங்களுக்குப் போகிறது. அதனால்தான் மீட்டிய பிறகு தம்புராவின் ஓசை மங்குவதற்குப் பதிலாகச் சற்று நேரம் மலர்ந்துகொண்டே போகிறது.

இந்த நுண்மையான மேற்சுரங்களை மின்விசிறியின் இரைச்சலே மூடிவிடும். ஏசி மூடும். ஸ்பீக்கர் நிச்சயமாக மூடும். பெரிய மேடைகளில் தம்புரா ஓர் அலங்காரப் பொருளாக நின்று, சுருதியைக் கைபேசிச் செயலி கொடுத்துக்கொண்டிருப்பது பலரும் பார்த்திருக்கும் காட்சி. சிறிய கூடத்துக்குப் போவதற்கு எனக்கு வேறு ஒரு காரணமும் வேண்டாம், அந்தக் காந்தாரம் ஒன்றே போதும்.

மிருதங்கத்தைப் பற்றியும் ராமன் வியந்து எழுதியிருக்கிறார். சாதாரணமாகத் தோல் போர்த்திய வட்டப் பறையின் மேற்சுரங்கள், அடிப்படை ஓசையைப் போல 1.59 மடங்கு, 2.14 மடங்கு, 2.30 மடங்கு என்று ஒன்றுக்கொன்று ஒட்டாமல் இருக்கும். அதனால் அதில் சுருதி பிறக்காது. மிருதங்கத்தின் வலந்தலையில், அதாவது வலப்பக்கத் தோலில், அப்பிய கரணை என்ற கறுப்புப் பூச்சு இதை மாற்றுகிறது. தோலின் நடுவில் கனம் சேர்வதால், ஒன்பது விதமான அதிர்வுகள் முழு எண் மடங்கான ஐந்து சீரிசைகளுக்குள் வந்து அடங்கிவிடுகின்றன. மிருதங்கத்தில் இப்படி ஐந்து சீரிசைகள் எழுவதை ராமனும் சிவகாளி குமாரும் 1920-இல் வெளியிட்டார்கள். கரணையை அரைத்து அரைத்து அப்பிய கைவினைஞர்கள், எந்தச் சமன்பாடும் இல்லாமல் காதை மட்டும் நம்பி இதைக் கண்டடைந்திருக்கிறார்கள். நம் நாட்டு அறிவியல் வரலாற்றில் அவர்களுக்குத் தனி அத்தியாயம் வேண்டும்.

மிருதங்கக்காரர் பாடகரின் வலப்பக்கம் உட்காருவதிலும் கணக்கு இருக்கிறது. அங்கே உட்கார்ந்தால், வலக்கை வாசிக்கும் வலந்தலை சபையைப் பார்த்திருக்கும்; ஐந்து சீரிசைகளும் நம் பக்கம் வரும். இடக்கைப் பழக்கமுள்ள மிருதங்கக்காரரான பழனி சுப்பிரமணிய பிள்ளைக்கு அதனால்தான் எதிர்ப் பக்கம் இடம் தேவைப்பட்டது. வயலின்காரர் இடம் மாறிக்கொள்ள வேண்டியிருந்தது. மைக் வைத்த மேடையில் இந்த ஏற்பாடு வெறும் சம்பிரதாயம். கூடத்தில் இன்றும் அது பயன்படுகிறது.

சிறிய அறைக்குக் குறை இல்லாமல் இல்லை. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியின் தாழ்ந்த குமுறல் எனக்குத் தேவைக்கு மேல் கேட்டது. பக்கத்தில் இருந்தவரிடம் இரண்டடி இடம் கேட்டு நகர்ந்தேன், குமுறல் பாதியாகிவிட்டது. நூறு ஹெர்ட்ஸ் ஓசையின் அலைநீளம் பதினோரு அடிக்கு மேல். அறையின் அளவும் அலையின் அளவும் இப்படி ஒத்துப்போகும்போது, எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே அலை நிலைத்து நின்றுவிடும். ஓரிடத்தில் பெருகும், இன்னோரிடத்தில் காணாமல் போகும். பெரிய அரங்குகளில் இத்தகைய நிலைகள் ஏராளமாக நெருங்கி அமைந்து ஒன்றையொன்று சமன்செய்துகொள்ளும். சின்ன அறையில் எண்ணிக்கை குறைவு, அதனால் ஒவ்வொன்றும் தலைதூக்கும். இணையான வெற்றுச் சுவர்கள் இருந்தால் தொல்லை கூடும். நியூயார்க்கில் 1935 முதல் நடக்கும் வில்லேஜ் வேன்கார்டு என்ற ஜாஸ் நிலவறை 123 பேருக்கான இடம். அது ஆப்பு வடிவத்தில் ஒரு பக்கம் குறுகிக்கொண்டே போகிறது. ஓசைக்காக யாரும் அப்படிக் கட்டவில்லை, மனையின் வடிவம் அது. ஆனால் இணைச் சுவர்கள் இல்லாததால் ஓசை ஒரே தடத்தில் திரும்பத் திரும்ப ஓடுவது குறைகிறது. பில் எவன்ஸ் குழுவினர் 1961 ஜூன் 25 அன்று அங்கே வாசித்த பதிவைக் கேட்டால், பியானோவோடு சேர்ந்து, மேசைகளில் கண்ணாடிக் குவளைகள் உரசுவதும் கேட்கும். அந்தக் குவளைகளை நீக்கிவிட்டால் அந்த அறையும் போய்விடும் என்று எனக்குத் தோன்றும்.

கூடத்திலும் அப்படித்தான். தெருவில் போன ஆட்டோவின் ஹார்ன் கேட்டது, யாரோ இருமினார்கள். பல்லவியின் நடுவே பாடகர் ஒரு கணக்கை வைத்து இடத்துக்கு வந்து சேர்ந்தபோது, நாற்பது கைகளும் ஒரே நேரத்தில் தொடையில் விழுந்தன. பாடகர் சிரித்தார். அடுத்த சுற்றில் இன்னும் கடினமான ஒன்றை எடுத்தார்.

ஒரே இசையைச் சேர்ந்து கேட்பவர்களின் உடம்புகள் நிஜமாகவே ஒத்துப்போகின்றன. பெர்லினில் நடந்த சிற்றரங்குக் கச்சேரிகளில் 132 பேரின் உடலில் கருவிகளைப் பொருத்தி ஆராய்ந்து 2023-இல் முடிவை வெளியிட்டார்கள். இதயத் துடிப்பின் வேகம், மூச்சின் வேகம், தோலின் மின்கடத்தல் ஆகியவை கேட்பவர்களிடையே ஒத்திசைந்து ஏறி இறங்கின. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 106 இருக்கைகள் கொண்ட ஓர் ஆய்வரங்கம் இருக்கிறது. அங்கே பாடகர் நேரில் பாடியபோதும், அதே பாடல்களின் ஒலிப்பதிவைப் போட்டபோதும் ரசிகர்களின் தலையசைவை அளந்தார்கள். நேரில் பாடியபோது தலைகள் அதிக வேகத்தோடு அசைந்தன. அந்த அசைவைப் பத்து அடியில் இருக்கும் பாடகர் பார்க்கிறார். அவர் எடுக்கும் அடுத்த சங்கதி அதற்குத் தருகிற பதில். நூறு அடி தள்ளி, விளக்கணைத்த இருட்டில் நாம் உட்கார்ந்திருந்தால், நம் தலை எவ்வளவு அசைந்தாலும் மேடைக்குத் தெரியாது.

மங்களம் முடிந்து கீழே இறங்கும்போது மாமியிடம், கூடம் இவ்வளவு பொருத்தமாக அமைந்தது எப்படி என்று கேட்டேன். "மாமனார் கட்டினது. கல்யாணம், சிராத்தம் எல்லாம் இங்கேயே பண்ணலாம்னு கட்டினார். கச்சேரிக்குன்னு கட்டலை" என்றார். நம் ஊர்களில் இப்படிப்பட்ட கூடங்கள் இன்னும் இருக்கின்றன. பழைய வீடுகளின் மாடிகளில், பள்ளிக்கூடங்களில், பஜனை மடங்களில், நூலகங்களில் இருக்கின்றன. தஞ்சை அரண்மனையில் நாயக்கர் காலத்தில் இசைக்கென்றே கட்டிய சங்கீத மகாலும் நிற்கிறது.

கச்சேரி நடத்துகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். அறுபது எழுபது பேருக்கு உட்பட்ட அறை உங்களுடையதானால், ஒரே ஒரு மாதம் மைக் இல்லாமல் நடத்திப் பாருங்கள். பாடகரைக் குறுக்குச் சுவருக்கு முன்னால் உட்கார வையுங்கள். தெரு அமைதியாக இருந்தால் சன்னல்களைத் திறந்துவிடுங்கள், ஆலாபனைக்கு மின்விசிறியை நிறுத்துங்கள், செயலியை அணைத்துவிட்டு உண்மையான தம்புராவுக்கு ஓர் ஆளைத் தேடுங்கள். கேட்க வருகிறவர்களை நாற்காலியிலிருந்து ஜமக்காளத்துக்கு அழைத்து, பத்து அடிக்குள் கொண்டுவாருங்கள். முடியாத முதியவர்களுக்கு ஓரத்தில் நாற்காலி போடுங்கள். நீங்கள் கேட்கப் போகிறவரானால், கொஞ்சம் முன்னதாகவே போய்க் காலி அறையில் ஒரு முறை கையைத் தட்டிப் பாருங்கள். எல்லாரும் வந்த பிறகு மறுபடி தட்டுங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, தம்புராவில் யாரும் மீட்டாத காந்தாரம் கேட்கிறதா என்று கவனியுங்கள்.